தொங்குபடுக்கையும் தோட்டத்துத் தொட்டிலும்

கேஎல் சென்ட்ரலில் இருந்து கிள்ளானுக்குப் புறப்பட்ட கொமுட்டர் இரயிலில் பேரனும் அப்பாவும் அமர்ந்திருந்தனர். பேரனின் மடியில் ஒரு சிறிய பச்சைப் பை இருந்தது. அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான எடைதான். அதற்குள் மூன்று மீட்டர் நீளமுள்ள நைலான் துணி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இரு மரங்களுக்கிடையே கட்டிப் படுத்துறங்கும் தொங்குபடுக்கை அது. கடைக்காரர்கள் அதை 'ஹேமோக்' என்பார்கள்.

பேரன் படிவம் நான்கு மாணவன். பள்ளி விடுமுறையில் உலு லங்காட் வட்டாரத்தில் அவனது கழகத்தின் முகாம் நடைபெறவிருந்தது. கூடாரத்திற்குப் பதிலாகத் தொங்குபடுக்கையில் உறங்க அவன் விரும்பினான். பொறுப்பாசிரியர் ஒரு நிபந்தனையுடன் இசைந்தார்: "முதலில் இரண்டு இரவு அதில் படுத்துப் பார். என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதிக் கொண்டு வா. பிறகு முடிவு செய்யலாம்." அம்மாவுக்கோ அவன் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வானோ என்ற கவலை.

பிரிக்பீல்ட்சில் அவர்கள் குடியிருப்பது அடுக்குமாடி வீடு. அங்கே இரண்டு தூண்கள் உண்டு. இரண்டு மரங்கள் இல்லை. கிள்ளானில் பாட்டியின் வீட்டுப் பின்புறத்தில் ஒரு ரம்புத்தான் மரமும் ஒரு மாமரமும் நின்றன. ஆகவே, சோதனைக்களம் கிள்ளான் என்று முடிவாயிற்று.

பாட்டி வாசலிலேயே காத்திருந்தார். பேரன் பையைப் பிரித்துத் துணியை விரித்துக் காட்டினான். பாட்டி அதை விரல்களால் தடவிப் பார்த்தார். "இது பெரிய ஆளுக்குக் கட்டுற தொட்டில்தானே, ஐயா?" என்று சிரித்தார்.

மரங்களுக்கிடையே நாலரை மீட்டர் இடைவெளி இருந்தது. பேரன் பையோடு வந்த மெல்லிய நைலான் கயிற்றால் துணியை இறுக்கிக் கட்டினான். கட்டில் சமமாக இருப்பதுபோல் தொங்குபடுக்கையும் சமமாக இருக்கவேண்டும் என்பது அவன் எண்ணம். கயிறு வீணைக் கம்பிபோல் விறைத்து நின்றது. அதில் ஏறிப் படுத்த மறுகணமே படுக்கை புரண்டது. பேரன் புல்தரையில் கிடந்தான். படுக்கை தாழ்வாக இருந்ததால் அடியேதும் படவில்லை.

அப்பா அவனை எழுப்பிவிட்டு ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பினார். வாளியின் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கோத்து, ஒரு முனையை மகனிடம் கொடுத்து, மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டார். இருவரும் அருகருகே நின்றபோது வாளி இலேசாக இருந்தது. "இப்போது பின்னால் நகர்ந்து போ," என்றார் அப்பா. அவன் விலக விலகக் கயிறு கிடைமட்டமானது, கை வலித்தது. வாளியின் எடை கூடவில்லை. கயிற்றின் கோணம்தான் மாறியது.

படிவம் நான்கு மாணவனுக்கு இந்தக் கணக்கு எட்டாததன்று. பேரனின் எடை 60 கிலோகிராம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கக் கயிறும் ஏறத்தாழ 60 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்க வேண்டும். கோணம் 15 பாகையாகக் குறைந்தால் அது 116 கிலோவாகும். 5 பாகையில் ஏறத்தாழ 344 கிலோவை எட்டிவிடும். இறுக்கிக் கட்டினால் உறுதி என்று அவன் நினைத்திருந்தான். உண்மையில், இறுக்கக் கட்டக்கட்டக் கயிற்றுக்கும் மரத்துக்கும்தான் சுமை கூடுகிறது.

கணிதப் பெட்டியிலிருந்த பாகைமானியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் முனையில் அழிப்பானைத் தொங்கவிட்டுக் கோணத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பேரன் செய்தான். கயிற்றை மரத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரத்தில் கட்டி, 30 பாகை வரும்வரை தளர்த்தினான். துணி இப்போது பிறைநிலாவைப்போல் வளைந்து தொங்கியது. உட்காரும் இடம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர். ஒரு நாற்காலியின் உயரம். இந்த உயரத்தைத் தாண்டக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். விழுந்தாலும் நாற்காலியிலிருந்து விழுவது போலத்தான் இருக்கவேண்டும்.

இம்முறை படுக்கை புரளவில்லை. ஆனால், துணியின் நீளவாக்கில் நேராகப் படுத்ததால் அவன் உடல் வாழைப்பழம்போல் வளைந்தது. முழங்கால் மேல்நோக்கி இழுத்தது. துணியின் இருபுறமும் முகத்தருகே மூடிக்கொண்டன. 'இதிலா இரவு முழுவதும் உறங்குவது?' என்ற ஐயம் அவன் முகத்தில் தெரிந்தது.

பாட்டி அருகில் வந்தார். "தொட்டில்ல பிள்ளை முகத்தைத் துணி மூடாம இருக்க, மேல ஒரு கட்டை வச்சு விரிப்போம். உனக்குக் கட்டை எதுக்கு? காலை அந்தப் பக்கம் தள்ளு, தலையை இந்தப் பக்கம் கொண்டா," என்றார். பேரன் அப்படியே குறுக்குச் சாய்வாகப் படுத்தான். துணி தானே விரிந்தது. முதுகு ஏறக்குறைய நேரானது. தொங்குபடுக்கை தோன்றிய மத்திய, தென் அமெரிக்க நாடுகளில் இன்றும் மக்கள் இவ்வாறு சாய்வாகத்தான் படுக்கிறார்கள். நீளவாக்கில் துணி வளைந்திருந்தாலும் மூலைவிட்டத்தில் அதன் வளைவு குறைவு. கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டியபின், உடல் நடுவே சறுக்கி வருவதும் நின்றது.

முதல் இரவு வந்தது. பேரன் பத்து மணிக்குப் படுத்தான். பதினொரு மணிக்கு முதுகில் சுருக்கென்றது. மேலே கொசுவலை கட்டியிருந்தான். கீழே எதுவும் இல்லை. உடலோடு ஒட்டிய மெல்லிய துணியைக் கொசுவின் ஊசிவாய் எளிதாகத் துளைத்துவிட்டது. டிங்கி காய்ச்சல் பரவும் நாட்டில் இதை விளையாட்டாக எண்ண முடியாது.

விடியற்காலை நான்கு மணிக்கு வேறொரு தொல்லை. முதுகு குளிர்ந்தது. கிள்ளானில் குளிரா என்று சிலர் சிரிக்கக்கூடும். மெத்தையில் படுத்தால் மெத்தை நம் உடல் சூட்டைத் தேக்கி வைக்கிறது. தொங்குபடுக்கையிலோ அடியில் ஓடும் காற்று அந்தச் சூட்டை ஓயாமல் வாரிக்கொண்டு போகிறது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகுக்குப் பயனில்லை. போர்வையைக் கீழே விரித்தாலும் உடல் எடையால் அது நசுங்கிவிடும். நசுங்கிய போர்வையில் சூட்டைத் தேக்கும் காற்றுக்கு இடமில்லை.

ஐந்து மணிக்கு மூன்றாவது குறையும் தெரிந்தது. பனியில் நனைந்த நைலான் கயிறு நீண்டு, படுக்கை ஒரு சாண் இறங்கியிருந்தது. பேரன் எழுந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதினான்.

காலையில் தேநீர் கொண்டுவந்த பாட்டி, குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படுக்கிறதுக்கு முன்னாடி தொங்கிப் பார்த்தியா, ஐயா?"

"இல்லை பாட்டி. கையால் இழுத்துப் பார்த்தேன்."

பாட்டி தம் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு பழைய தழும்பு இருந்தது. பேரன் அதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறான். அதன் கதையைக் கேட்டதில்லை.

1970-களில் பாட்டி கிள்ளானை அடுத்த ஒரு இரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். அங்குப் பெற்றோர் விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட வேண்டும். கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். பழைய சேலை, கைலி, கயிறு இவைதாம் அவற்றின் மூலப்பொருள்கள். பாட்டி அந்தக் கொட்டகையில் ஆயாவாக வேலை பார்த்தவர். தோட்டத்தில் பாதிப்பேர் அவர் ஆட்டிய தொட்டிலில் உறங்கி வளர்ந்தவர்கள்.

"தினமும் இருட்டோட போய் ஒவ்வொரு தொட்டிலையும் ரெண்டு கையால பிடிச்சு, காலைத் தூக்கித் தொங்கிப் பார்ப்பேன். என் முழு எடையையும் தாங்கினாதான் பிள்ளையைப் போடுவேன். ஒருநாள் கயிறு அறுந்து விழுந்தேன். எலி கடிச்சிருந்திருக்கு, வெளியே பார்க்கத் தெரியல. கொட்டகைக்காரி பைத்தியக்காரின்னு சிரிச்சவங்க எல்லாம் அன்னைக்குச் சிரிக்கல."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டி தொடர்ந்தார்: "அன்னைக்கு என் எடையில அறுந்துச்சு. இல்லேன்னா ரெண்டு நாள் கழிச்சுப் பிள்ளையோட அறுந்திருக்கும்."

பேரன் எழுந்து மரத்தடிக்குப் போனான். கயிற்றை இரு கைகளாலும் பற்றித் தொங்கினான். மாமரத்துப் பக்கத்து முடிச்சு மெல்ல நழுவியது. இரவெல்லாம் அவன் நம்பிப் படுத்திருந்த முடிச்சு அது.

பாட்டி அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, தொட்டில் கட்டும் முறையைக் காட்டினார். துணியின் முனையைக் கொத்தாகச் சேர்த்து, ஒருமுறை பின்னால் மடித்து, மடிப்பின்மேல் கயிற்றைச் சுற்றிக் கட்டவேண்டும். மடிப்பு இருப்பதால் சுமை ஏற ஏறக் கயிறு இறுகுமே தவிர, துணியைவிட்டு வழுவாது. எழுபது வயதைக் கடந்த விரல்கள் அதை ஒரு நிமிடத்தில் செய்து முடித்தன.

பிறகு பாட்டி மேலே பார்த்தார். "அண்ணாந்து பார்த்தியா?" ரம்புத்தான் மரத்தில், படுக்கையின் தலைமாட்டுக்கு நேர்மேலே, இலையற்ற ஒரு கிளை இருந்தது. பட்டுப்போன கிளைக்குக் காற்று வேண்டியதில்லை. தன் எடையாலேயே முறிந்து விழும். இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். இரப்பர் மரக்கிளை பலத்த காற்றில் எளிதில் முறியக்கூடியது. அப்பா ஏணி வைத்து அந்தக் கிளையை அறுத்தார். அது பேரனின் தலை இருந்த இடத்தில், படுக்கையின் குறுக்கே விழுந்தது. மூவரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

அன்று மதியம் அப்பாவும் மகனும் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் சென்று 5 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு பாலியெஸ்டர் வார்களை வாங்கி வந்தனர். பாலியெஸ்டர் நனைந்தாலும் நைலானைப்போல் நீளாது. அகலமான வார் மரத்துக்கும் நல்லது. இலைகள் உண்டாக்கும் உணவு மரப்பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்குச் செல்கிறது. மெல்லிய கயிறு அந்தப் பட்டையை அறுத்தால் மரம் நோயுறும். ஒரு நாள் படுத்து எழுந்து போகும் மனிதனுக்காக, பல ஆண்டுகள் நிற்கும் மரம் காயப்படலாமா?

வழியில் பேரன், "இதை முதன்முதலில் யாரப்பா கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டான். கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் இதைப் பயன்படுத்தினர். அவர்கள் இதை 'அமாக்கா' என்று அழைத்தனர். 1492-ஆம் ஆண்டு அங்குச் சென்ற கொலம்பஸ், வலைபோன்ற படுக்கைகளில் அம்மக்கள் உறங்குவதைத் தம் குறிப்பில் எழுதினார். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களிலும் அது இடம்பெற்றது. கப்பல் சாய்ந்தாலும் தொங்கும் படுக்கை நேராகவே நிற்கும். மாலுமி உருண்டு விழமாட்டான். பகலில் சுருட்டி வைத்தால் இடமும் மிச்சம்.

ஆனால், துணியில் தொங்கி உறங்கும் கலை நமக்கும் புதிதன்று. தமிழர்கள் அதைத் தூளி என்றும் ஏணை என்றும் தொட்டில் என்றும் வழங்குகிறோம். மலாய்க்காரர்கள் 'புவாயான்' என்பார்கள். மலேசிய வீடுகள் பலவற்றில் இன்று அது கம்பிச்சுருளில் தொங்கி மேலும் கீழுமாக ஆடுகிறது. நாம் அதைக் குழந்தைக்கு மட்டும் கட்டினோம். தைனோ மக்கள் பெரியவர்களுக்கும் கட்டினர்.

ஆடினால் ஏன் உறக்கம் வருகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெரியவர்கள் 12 பேர், பிற்பகலில் 45 நிமிடம் அசையாத படுக்கையிலும் மெதுவாக ஆடும் படுக்கையிலும் உறங்கினர். நான்கு நொடிக்கு ஒருமுறை ஆடும் படுக்கையில் அவர்கள் விரைவாக உறங்கினர். மேலோட்டமான உறக்கத்திலிருந்து ஆழ்ந்த நிலைக்கும் எளிதில் சென்றனர். இதைக் கேட்ட பாட்டி, "இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" என்றார்.

மாலையில் மழை பிடித்தது. பேரன் மகிழ்ந்தான், மழைச்சோதனையும் நடத்திவிடலாம் அல்லவா? படுக்கைக்கு மேலே கூரைத்துணியைக் கட்டியிருந்தான். மேலிருந்து ஒரு துளியும் விழவில்லை. ஆனாலும் படுக்கை நனைந்தது! மரத்தில் வழிந்த நீர் வாரைப் பிடித்துக்கொண்டு, சரிவில் இறங்கி, நேரே துணிக்குள் வந்துகொண்டிருந்தது. பாட்டி ஒரு பழைய துணியைக் கிழித்து, கூரைத்துணிக்கு உட்பக்கமாக, வாரில் வால்போல் தொங்கும்படி கட்டினார். வாரில் வந்த நீர் அந்த வாலைப் பிடித்துத் தரையில் சொட்டியது. துணிக்கொடியில் மழைநீர் எங்கே தாழ்வோ அங்கே சேர்ந்து சொட்டுவதைப் பல ஆண்டுகள் பார்த்தவர் அவர்.

இரண்டாம் இரவு, படுக்கும் முன் பேரன் அண்ணாந்து பார்த்தான். வாரைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். முதுகின்கீழ் எளிதில் நசுங்காத மெல்லிய நுரைப்பாயை விரித்தான். அது குளிரையும் தடுத்தது. கொசுவின் ஊசிவாயையும் தடுத்தது. கண்விழித்தபோது மணி ஏழு.

பொறுப்பாசிரியரிடம் அவன் கொடுத்த அறிக்கை இரண்டு பக்கம் இருந்தது. தொங்குபடுக்கை இலேசானது, ஈரத்தரை, எறும்பு, வேர், கல் எதுவும் உறுத்தாது என்று அதன் நன்மைகளை எழுதியிருந்தான். குறைகளையும் மறைக்கவில்லை. மரமில்லாத திடலிலும் கடற்கரையிலும் அதனால் பயனில்லை. குப்புறப் படுப்பவருக்கு அது ஒத்துவராது. நுரைப்பாய், கொசுவலை, கூரைத்துணி, வார் எல்லாவற்றையும் சேர்த்தால் சுமையும் முதலில் தெரிந்த அளவு குறைவன்று. 'இரண்டாம் இரவு வசதியாக இருந்தது. முதல் இரவு நான் பத்திரமாக இருந்தது தற்செயல்' என்பது அறிக்கையின் இறுதி வரி. ஆசிரியர் அந்த வரியின்கீழ்க் கோடிட்டு, முகாமுக்கு அனுமதி அளித்தார்.

முகாம் நாள் வந்தது. ஆற்றங்கரையில் அழகான இரண்டு மரங்கள் நின்றன. நீரோசையைக் கேட்டபடி உறங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால், மலையில் பெய்யும் மழை, முன்னறிவிப்பின்றி ஆற்றில் பெருவெள்ளமாகப் பாய்ந்து வரும். அதை நம் நாட்டில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். பேரன் கரையைவிட்டு மேட்டில், தன் தொடை அளவு பருமனுள்ள, உயிருள்ள மரங்களைத் தேர்ந்தெடுத்தான்.

படிவம் ஒன்று மாணவன் ஒருவனும் தொங்குபடுக்கை கொண்டு வந்திருந்தான். அதைக் கட்டி முடித்து, காலணியைக் கழற்றிவிட்டு ஏறப் போனான்.

"தம்பி, கொஞ்சம் இரு," என்றான் பேரன்.

முதலில் அண்ணாந்து பார்த்தான். பிறகு அந்தச் சிறுவனின் வாரை இரு கைகளாலும் பற்றி, கால்களைத் தரையிலிருந்து தூக்கி, தன் 60 கிலோ எடையையும் அதில் போட்டுத் தொங்கினான். முடிச்சு அசையவில்லை. மறுபக்கமும் சென்று அவ்வாறே தொங்கிப் பார்த்தான்.

"இப்போது படு," என்றான்.